ஏழு பிள்ளைகள், 84 சென்ட், ஒரு வருஷம்: கேள்வியும் பதிலும்

குமரி ஜில்லாவில் தக்கலைப் பக்கம் சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய வராந்தாவில் 38 வருஷம் பத்திரம் எழுதியவன் நான். ஊரார் பிரமாணமெல்லாம் எழுதி ஓய்ந்த பிறகு, போன சித்திரையில் எங்கள் அப்பா தவறினார். நாங்கள் ஏழு பேர். நாலு பெண், மூணு ஆண். நான் மூன்றாவது. அந்த ஒரு வருஷத்துக்குள் ஒரு சாவு, ஒரு கல்யாணம், ரெண்டு பிரசவம், ஒரு பாகப்பிரிவினை, அண்ணன் மகன் கனடாவுக்குப் போனது. இதைத் தெரிந்து நீங்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த பதில் இது.

இரணியலிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணாச்சி, அப்பா இறந்து ரெண்டு மாசம் ஆகுது. நாங்க ஒம்பது பேரு. ஓகரியப் (சொத்துப் பங்கப்) பத்தி யாரு முதல்ல வாயத் திறக்கதுன்னு ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துட்டு நிக்கோம். எப்பப் பேசலாம்?

பேச்சுக்கு அவசரமில்லை மக்களே, காகிதத்துக்குத்தான் அவசரம். இறப்பை 21 நாளுக்குள் பதிந்திருப்பீர்கள். இல்லையென்றால் நாளைக்கே போங்கள். அடுத்து வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் தருவார். அதில் அம்மா பெயரும் ஒன்பது பேர் பெயரும் வரவேண்டும். வெளியூரில் இருக்கிறார், சண்டை போட்டுப் போனவர் என்று ஒருவரைக்கூட விட்டுவிடாதீர்கள். அப்பா பெயர் ஆதாரில் ஒரு எழுத்து, பட்டாவில் வேறு எழுத்து என்றால் அதையும் இப்போதே சரி பாருங்கள்.

பங்குப் பேச்சைப் பதினாறாம் நாள் சாயங்காலம் மட்டும் எடுக்காதீர்கள். எல்லாரும் கூடியிருக்கிறார்களே என்று பெரியவர்கள் அன்றைக்குத்தான் ஆரம்பிப்பார்கள். அழுது களைத்த ஆட்கள், பந்தி விளம்பி ஓய்ந்த மருமக்கள், பஸ்ஸுக்கு நேரம் பார்க்கும் மாப்பிள்ளைகள்: அந்தக் கூட்டத்தில் வந்த வார்த்தைகளால் நீதிமன்றப் படி ஏறிய வழக்குகளை நான் கை விரல் போதாத அளவுக்குப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். அம்மாவும் ஏழு பேரும் மட்டும். மாப்பிள்ளைகளையும் மருமகள்களையும் பிள்ளைகளோடு ஒரு வேனில் ஏற்றி முட்டம் கடற்கரைக்கு அனுப்பிவிட்டோம். என் பெண்டாட்டிக்கு அதில் இன்னமும் வருத்தம்தான். ஆனால் அன்றைக்கு மூன்று மணி நேரத்தில் பேச்சு முடிந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: நாங்கள் கிறிஸ்தவர்கள். தங்கைக்கு 60 பவுன் போட்டுத்தான் கட்டிக்கொடுத்தோம். இப்போது அப்பாவின் நிலத்திலும் பங்கு கேட்கிறாள். கொடுக்க வேண்டுமா?

உயில் இல்லையென்றால், கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் மனதில் இருப்பது பழைய திருவிதாங்கூர்ச் சட்டம். 1916-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய். ரெண்டில் எது குறைவோ அது. சீதனம் வாங்கியவளுக்கு அதுவும் கிடையாது. நம் ஜில்லா 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்தும் அந்த எண்ணம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அதன்படி அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி ரெண்டு பங்கு ஆண் பெண் பேதமில்லாமல் பிள்ளைகளுக்கு. அப்பா உயிரோடு இருந்தபோது போட்ட நகையை அதில் கழிக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. 60 பவுனை இன்றைய விலைக்கு நீங்கள் மனக்கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது. போடாதீர்கள்.

திங்கள்சந்தையிலிருந்து: நாங்கள் இந்துக்கள். எங்கள் அக்காவுக்கு 1984-இல் கல்யாணம். அவளுக்கும் உண்டா?

அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால் எந்த வருஷம் கல்யாணம் என்ற கேள்வியே இல்லை. அம்மா, மகன், மகள் எல்லாருக்கும் சமம். பூர்வீகச் சொத்தில்தான் குழப்பம். 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவளுக்கு நம் மாநிலச் சட்டம் பங்கு தரவில்லை. 2005-ஆம் வருஷத் திருத்தம் அந்த வேலியை எடுத்தது. திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிந்து முடிந்த பாகப்பிரிவினை இருந்தால் அதைக் கிளற முடியாது.

பூதப்பாண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: தாத்தா, எங்க ஆச்சி அடிக்கடி "உகந்துடைமை"ன்னு சொல்லுவா. அப்படின்னா என்ன? வீட்டுல ஒரு பழைய பத்திரத்துல 1098-ன்னு வருஷம் போட்டிருக்கே, அது எப்படி?

இந்தக் கேள்விக்காகவே உனக்கு ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து அனுப்பலாம். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் ஒரு காலத்தில் மருமக்கள்வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாது, மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் பிரியப்பட்டுக் கொடுப்பதாக ஒரு சிறு பங்கு, அதுதான் உகந்துடைமை. குடும்பத் தலைவரான காரணவர் ஒரு பக்கம், பெற்ற பிள்ளைகள் ஒரு பக்கம் என்று வழக்காடியே அழிந்த வீடுகள் உண்டு. கவிமணி அதை வைத்துத்தான் மருமக்கள்வழி மான்மியம் பாடி சிரிக்கச் சிரிக்க அழவைத்தார். கொல்லம் ஆண்டு 1101-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகு அது மக்கள்வழியாக மாறியது.

உன் பத்திரத்தில் இருப்பதும் கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறக்கும் வருஷம் அது. ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை என்றால் 824 கூட்டு, அதற்குப் பிறகு என்றால் 825. ஆக 1098 என்பது 1922-23. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வை, மடிக்காதே.

அருமனைக்காரர், துபாயிலிருந்து: ரப்பர் தோட்டம் அண்ணன் கையில். பாகம் பிரிக்க ஊருக்கு வர லீவு இல்லை. என்ன வழி?

அதிகாரப் பத்திரம் எழுதி அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று வாங்கி அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாசத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதை மறந்து, கவரோடு அலமாரியில் வைத்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

ரப்பருக்கு இன்னொன்று. பாகம் முடியும் வரை ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள்: வெட்டுக்கூலி, ஷீட்டின் எடை, விற்ற விலை. மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உலர்கிற ஒட்டுப்பாலையும் எழுத வேண்டும். சண்டை வருவது எப்போதும் ஒட்டுப்பாலில்தான். ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிரும்போது வெட்டு நின்றால் "அண்ணன் கணக்குக் காட்டவில்லை" என்று துபாயிலிருந்து குதிக்காதீர்கள்.

குழித்துறையிலிருந்து ஒரு மருமகள்: மாமியாரை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் எங்கள் வீட்டில் பேச்சு நிற்கிறது. உங்கள் அம்மா விஷயத்தில் என்ன செய்தீர்கள்?

முதலில், அம்மாவையே கேட்டோம். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஏழு பேரும் முக்கால் மணி நேரம் பேசிய பிறகுதான், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எங்களுக்கு நினைவு வந்தது. "ரெண்டு மாசம் இங்க, ரெண்டு மாசம் அங்கன்னு என்னைப் பந்து மாதிரி உருட்டாதீங்கோ. நான் என் அடுக்களைய விட்டு வரமாட்டேன்" என்றாள். 81 வயசு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சட்டப்படி அவளுக்கு எட்டில் ஒரு பங்கு. வேண்டாம், பிள்ளைகளே எடுங்கள் என்று எழுதித் தரச் சொன்னாள். நான் வேண்டாம் என்று வாதாடினேன். 38 வருஷத்தில் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதே வராந்தாவில் வந்து நின்ற அம்மாமார் முகம் எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. அதனால் பழைய வீடு வரும் பங்கைத் தம்பிக்கு ஒதுக்கி, அம்மாவுக்கு ஆயுட்காலம் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கவும், தேங்காய் எடுக்கவும் உரிமை உண்டு, அவளுடைய சாப்பாடும் மருந்தும் ஏழு பேர் பொறுப்பு என்று வரி வரியாக எழுதினேன். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவுக்கு அந்த வரிதான் உயிர். அம்மாவைப் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், நாகர்கோவில் கோட்டாட்சியரிடமோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடமோ போய்ப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். "பெற்ற தாயை நம்பாமல் இப்படியா எழுதுவது" என்று தங்கச்சி கேட்டாள். தாயை நம்பித்தான் எழுதினேன், எங்களைத்தான் நம்பவில்லை.

பங்கை விட்டாள் என்பதை இன்னும் என் மனசு ஒப்பவில்லை. வங்கியில் இருந்த அவளுடைய வைப்புத்தொகையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

கருங்கலிலிருந்து: அப்பா கணக்கில் நாமினி நான்தான். பணம் முழுக்க எனக்குத்தானே?

இல்லை. வாங்கி எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டிய ஆள் நீங்கள்.

வேர்க்கிளம்பியிலிருந்து: செலவு எவ்வளவு வந்தது? எழுதியவர் நீங்களே என்பதால் பிழையே இருந்திருக்காதே?

குடும்பத்துக்குள் பாகம் என்றால் பங்கின் மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, இன்னொரு 1 சதவீதம் பதிவுக் கட்டணம். 2023 ஜூலையிலிருந்து ஒரு பங்குக்கு உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய்.

பிழையா? கேளுங்கள். 84 சென்ட், ஆளுக்கு 12 சென்ட், நாலு எல்லையும் சுத்தமாக எழுதினேன். ரெண்டாவது தங்கச்சி பங்கு பின்பக்கம். அதற்குப் போக மூன்றடி நடைவழி எழுதினேன். சின்ன வயசில் நாங்கள் ஓடிய வழி அவ்வளவுதான். அவள் வீடு கட்ட ஜல்லி கொண்டுவந்த டெம்போ சாலையிலேயே நின்றுவிட்டது. கிணறு பொது என்று எழுதினேன். மோட்டாரின் மின் இணைப்பு அப்பா பெயரில் இருப்பதை எழுத மறந்தேன். ஊரில் எத்தனை பேரிடம் "வழி எழுது, வழி எழுது" என்று கத்தியிருப்பேன்! பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு மறுபடி ஏழு கையெழுத்தும் அம்மா கைரேகையும் வேண்டும். மஸ்கட்டில் இருக்கும் தம்பி மறுபடி அதிகாரப் பத்திரம் அனுப்பினான். அக்கா தன் பங்கிலிருந்து ஏழடி விட்டாள், முணுமுணுத்துக்கொண்டேதான். அதற்குப் பிறகுதான் உட்பிரிவு அளந்து தனித்தனிப் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்தோம்.

சுசீந்திரத்திலிருந்து: துக்க வருஷத்தில் கல்யாணம் நடத்தினீர்களாமே?

அக்கா மகளுக்கு அப்பாவே பார்த்து நிச்சயித்த இடம். ஆவணியில் மண்டபம் பேசியிருந்தது. தள்ளிவைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு அந்த மாசங்களில் பந்தல் போட எனக்குத் துணிவில்லை. அம்மா சரி என்றாள், நடத்தினோம். மேளம் குறைத்தோம், தோவாளைப் பூவைக் குறைக்கவில்லை. பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம், அடைப்பிரதமன், போளியோடு பால்பாயசம். போளி ரெண்டாம் பந்தியிலேயே தீர்ந்துவிட்டது என்பது மாப்பிள்ளை வீட்டில் இன்றுவரை பேச்சு.

கொட்டாரத்திலிருந்து ஒரு இளம் தாய்: ரெண்டு குழந்தைகளுக்கும் மட்டிப்பழம் கொடுத்தீர்களா?

ஆறு மாசம் முடிந்த பிறகு, நன்றாகப் பழுத்ததை மசித்துக் கொடுத்தோம். நம் மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் சந்தையில் விலையும் கொஞ்சம் கௌரவம் காட்டுகிறது. பிறப்பைப் பதியும்போது பெயர் வைக்கவில்லை என்றால் பரவாயில்லை. 12 மாசத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். ஒரு குழந்தைக்கு அப்பா பெயரை வைக்க வேண்டும் என்று ரெண்டு வீட்டிலும் போட்டி. கடைசியில் ரெண்டுமே பெண்ணாகப் பிறந்தன.

தக்கலையிலிருந்து, என்னிடம் பத்திரம் எழுதிக்கொண்ட பழைய கட்சிக்காரர் ஒருவர்: தலைதிவசம் முடிந்ததா? எல்லாரும் வந்தார்களா?

முடிந்தது. போன வருஷம் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் 31 இலை. அப்பா போனார், கனடாக்காரன் போனான், புது மாப்பிள்ளை வந்தார், ரெண்டு குழந்தைகள் வந்தன. ஆக 32 பேர். குழந்தைகளுக்கு இலை வேண்டாம். 30 இலை வெட்டிக் கொண்டுவந்தேன். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு குறையுதே" என்றாள். தோட்டத்துக்குப் போய் இன்னொரு தலைவாழை இலை வெட்டிவந்து விளக்குக்கு முன்னால் போட்டேன்.