இஷிமுராவில் எங்கே நிற்கிறோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாளில் மட்டும் கம்ப்யூட்டரில் ‘டெட் ஸ்பேஸ்’ ஆடுகிறேன், இஷிமுரா என்ற விண்வெளிக் கப்பலில் நடக்கும் திகில் ஆட்டம். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் எங்கே விட்டேன் என்றே தெரிவதில்லை. இப்போது மருத்துவப் பகுதியில் நிற்கிறேன். ஏற்கெனவே முடித்த இடம் போல இருக்கிறது. யூடியூபில் பார்த்தால் அவர்கள் போகும் வழி என் ஆட்டத்தில் இல்லை. எத்தனை சதவீதம் முடித்தேன் என்பதையும் காட்ட மாட்டேன் என்கிறது. தம்பியும் இதே கம்ப்யூட்டரில்தான் ஆடுகிறான்.

பதில்: முதலில் யூடியூப் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தப் பெயரில் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. ஒன்று 2008இல் வந்தது, இன்னொன்று அதையே புதிதாகச் செய்து 2023இல் வெளியிட்டது. கதாநாயகன் ஐசக் கிளார்க் வாய் திறந்து பேசினால் புதியது, ஊமை போலவே நடந்துகொண்டிருந்தால் பழையது. நீங்கள் ஆடுவது ஒன்று, பார்த்த வீடியோ இன்னொன்றாக இருக்க வேண்டும். சாப்டர்கள் இரண்டிலும் 12தான், ஆனால் வழிகளும் புதிர்களும் பல இடங்களில் மாறியிருக்கின்றன. உங்களிடம் இருப்பது புதியது என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

மருத்துவப் பகுதியைப் பார்த்துப் பழைய சேவ் ஃபைலை (ஆட்டத்தை விட்ட இடத்தைப் பதிந்து வைப்பது) திறந்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். 2ஆவது சாப்டர் நடக்கும் அதே பகுதிக்கு 5ஆவது சாப்டரில் கதையே உங்களைத் திருப்பி அனுப்புகிறது. சேவ் பட்டியலில் சாப்டர் எது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அப்புறம் மிஷன் பக்கத்தைத் திறந்து, கதையின் முக்கிய வேலையைத் தேர்வு செய்யுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பக்க வேலை ஒன்று தேர்வாகியிருந்தால் வழிகாட்டிக் கோடும் அதை நோக்கித்தான் போகும், நீங்களும் கப்பல் முழுக்கச் சுற்றுவீர்கள். கன்ட்ரோலரில் வலது ஸ்டிக்கை அழுத்தினால் தரையில் நீலக் கோடு விழும். கீபோர்டில் எந்தக் கீ என்று செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சதவீதக் கணக்கு இந்த ஆட்டத்தில் இல்லை, அது நல்லது என்றுதான் சொல்வேன். திகில் ஆட்டத்தில் ‘இன்னும் 8 சதவீதம்’ என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். தோராயமாகத் தெரிந்தால் போதும் என்றால், முதல் முறை ஆடுகிறவருக்குக் கதை மட்டும் ஏறக்குறைய 12 மணி நேரம் பிடிக்கும். ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு சாப்டரை முடித்ததற்கும் ஒரு அச்சீவ்மென்ட் (பதக்கம் மாதிரி ஒரு குறிப்பு) வரும், பக்கத்திலேயே தேதியும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: சாப்டர் தலைப்புகளை ஆங்கிலத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி வைக்காதீர்கள். ஏன் என்று ஆட்டம் முடிந்த பிறகு கேளுங்கள், சொல்கிறேன்.

விட்டுப்போன பொருளைத் திரும்பிப் போய் எடுக்கலாமா என்றால், பெரும்பாலும் எடுக்கலாம். கப்பலின் பகுதிகளை டிராம் இணைக்கிறது. பூட்டிய கதவுகளுக்கு மூன்று படி அனுமதி, அதற்கு மேல் ஒரு மாஸ்டர் அனுமதி. எந்தப் படி வேண்டும் என்று கதவிலேயே எழுதியிருக்கும், அனுமதி உயர உயர டிராம் ஏறிப் பழைய இடங்களுக்குப் போய்த் திறக்கலாம். விதிவிலக்கு இரண்டு. 9ஆவது சாப்டர் வேலர் என்ற வேறொரு கப்பலில் நடக்கிறது, அங்கே விட்டது விட்டதுதான். 12ஆவதில் கோளில் இறங்கிவிட்டால் இஷிமுராவுக்குத் திரும்ப முடியாது. பக்க வேலைகள் மூன்றையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சாப்டரைத் தேர்வு செய்து ஆடும் வசதி இதில் கிடையாது. அதனால் சேவ்தான் உங்கள் ஒரே அடையாளம். ஆட்டம் தானாகப் போடும் சேவ் ஃபைலை மட்டும் நம்பி இருக்காமல், ஒவ்வொரு சாப்டர் தொடங்கும்போதும் சேவ் ஸ்டேஷனில் (கப்பலில் ஆங்காங்கே இருக்கும், ஆட்டத்தைப் பதியும் இடம்) புது இடத்தில் ஒன்று போட்டுவிடுங்கள். பழையதன் மேலேயே எழுதாதீர்கள். காற்று பலமாக அடித்தாலே கரண்ட் போகிற ஊர் நம்முடையது. எழுதும் நொடியில் கரண்ட் போனால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம், முந்தையது கையில் இருந்தால் ஒரு மணி நேர ஆட்டம்தான் போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் அணைந்து எழுகிறதா? இன்வெர்ட்டரில் ஈகோ, யூபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். யூபிஎஸ்ஸில் வைத்தால் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் வேகம் கூடும்.

தம்பிக்கு விண்டோஸில் தனி யூசர் திறந்து கொடுங்கள். அவனுடைய சேவ் அவன் பக்கத்திலேயே கிடக்கும். மிகக் கடினமான ‘இம்பாசிபிள்’ நிலையில் ஆடப்போகிறேன் என்று அவன் கிளம்பினால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அதில் சேவ் வைக்க ஒரே இடம்தான், ஒரு முறை செத்தால் முதலிலிருந்து ஆட வேண்டும், இல்லையென்றால் ஒரு படி இறங்கி ‘ஹார்ட்’ நிலையில் தொடர வேண்டும்.