வண்டி சந்தேகமா, கேளுங்க: டீக்கு நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாத கார்

வாசகர், கரூர்: சார், என்னோடது ஒன்பது வருஷ பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். காலையில எடுத்தா ஒரு குறையும் இல்ல. திருச்சி போற வழியில குளித்தலையில டீக்கு நிறுத்திட்டு வந்து செல்ஃப் அடிச்சா இழுத்துக்கிட்டே கெடக்கு, ஸ்டார்ட் ஆனாலும் பின்னாடி கருப்புப் புகை, பெட்ரோல் வாசனை, ரேடியேட்டர் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல கத்துது. செக் எஞ்சின் லைட் வருது, ரெண்டு நாள்ல தானா போயிடுது. மெக்கானிக் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் மாத்தினாரு, கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு, மறுபடி அதே கதை. இப்ப ஈசிஎம் (எஞ்சினை நடத்தற கம்ப்யூட்டர்) போயிடுச்சு மாத்தணும்ங்கறாரு, பெரிய செலவு. மாத்தலாமா?

பதில்: இப்போதைக்கு மாத்தாதீங்க சார். நீங்க சொல்றத வச்சுப் பாத்தா எனக்கு மொத சந்தேகம் சென்சாருல சொருகற கப்ளர் (ஒயர் முனைல இருக்கற பிளாஸ்டிக் கனெக்டர்) மேலயும் ஒயர் மேலயும்தான். புது சென்சார் மாட்டும்போது கப்ளரைக் கழட்டி மாட்டியிருப்பாங்க, அந்த அசைவுல உள்ள இருக்கற உலோகப் பின் கொஞ்ச நாளைக்கு நல்லா ஒட்டியிருக்கும், அதான் சரியான மாதிரி தெரிஞ்சிருக்கு.

எஞ்சினைக் குளிர வைக்கற தண்ணியோட (கூலன்ட்) சூட்டை அளக்கற அந்த சென்சார், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் (மின் தடை) குறையுற சமாச்சாரம். நெறைய வண்டில 20 டிகிரில 2000-லேருந்து 3000 ஓம்ஸ் காட்டும், 80 டிகிரி வந்தா சுமார் 300-க்கு எறங்கிடும். ஈசிஎம் அதுக்கு 5 வோல்ட் அனுப்பி, திரும்ப எவ்ளோ நிக்குதுன்னு பாத்து சூட்டைக் கணக்கு போடுது. ஒயர் ஒரு நொடி விட்டாலும் 5 வோல்ட் அப்படியே நிக்கும், ஈசிஎம் அதை மைனஸ் 40 டிகிரின்னு படிக்கும், கரூர் வெயில்ல மைனஸ் 40! அந்த நேரம் செல்ஃப் அடிச்சா பெட்ரோலை அள்ளி ஊத்திடும், பிளக் நனைஞ்சு போகும், புகையும் வாசனையும் அதுனாலதான். சென்சார நம்ப முடியலன்னு தெரிஞ்சதும் எதுக்கும் இருக்கட்டும்னு ஃபேனையும் முழுசா ஓட விட்டுடும்.

டீக்கடையில மட்டும் ஏன் வருதுன்னா, வண்டி ஓடும்போது காத்து அடிக்குது, ஆஃப் பண்ணதும் காத்தும் இல்ல தண்ணி ஓட்டமும் இல்ல, எஞ்சின் சூடு முழுக்க அங்கேயே தேங்குது, கப்ளர் இருக்கற எடம் இன்னும் காய்ஞ்சு, லூசான பின் அப்பதான் விரிஞ்சு விட்டுக் குடுக்குது.

எப்படிப் புடிக்கறது? மொதல்ல ஈசிஎம் பதிஞ்சு வைக்கற ஃபால்ட் கோடை (code) அழிக்க விடாதீங்க. லைட் அணைஞ்சாலும் கோடு உள்ள இருக்கும், ஒர்க்ஷாப்ல ஸ்கேனர் மாட்டின கையோட அழிச்சுடறாங்க, போச்சு, இருந்த ஒரே சாட்சியும் போச்சு. பி 0118 இருந்தா ஒயர் விட்டிருக்கு, 0117 இருந்தா எங்கயோ பாடில உரசி ஷார்ட் ஆகுது, 0119 வந்தா விட்டு விட்டு வர்ற ஃபால்ட்.

அப்புறம் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர், அதாவது ஈசிஎம் சொல்றதைப் படிக்கற சின்னக் கருவி ஒண்ணு வாங்கி போன்ல லைவ் டேட்டா பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில இக்னிஷன் மட்டும் போட்டா கூலன்ட் சூடும் உள்ள போற காத்து சூடும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கணும். பிறகு வண்டியை நல்லா சூடாக்கி ஐடிலிங்ல விட்டு, ஃபேன் பக்கம் கையைக் கொண்டு போகாம, கப்ளரையும் ஒயரையும் மெல்ல ஆட்டுங்க. 88-ல இருந்தது சட்டுனு மைனஸ் 40-க்குப் போயிட்டுத் திரும்பி வந்துச்சுன்னா முடிஞ்சது கதை, ஏன்னா தண்ணி எந்தக் காலத்துலயும் ஒரு நொடில அவ்ளோ ஆறாது. அளவு மெதுவா ஏறி எறங்கி அலையா வந்தா அது வேற, கூலன்ட் கம்மியா இல்ல உள்ள காத்து நிக்குதான்னு பாக்கணும். சில வண்டில ஒயர் விட்டாலும் மைனஸ் 40 காட்டாம ஈசிஎம் தானா ஒரு பொய் அளவை வச்சுக்கும், அதையும் மனசுல வைங்க.

ஈசிஎம் நல்லாருக்கான்னு தெரிய, சென்சார் ரெண்டு பின்னா இருந்தா மட்டும், கப்ளரைக் கழட்டுங்க, மைனஸ் 40 காட்டணும். கப்ளர்ல ரெண்டு பின்னையும் சின்ன ஒயர் வச்சு சேத்தா சட்டுனு உச்ச சூட்டுக்குப் போகணும். ரெண்டும் சரின்னா ஈசிஎம் மேல பழி போட எடமே இல்ல. டெஸ்ட் பல்பு வேணாம், மல்டிமீட்டர் போதும்.

கப்ளருக்குள்ள பச்சைப் பாசி மாதிரி பூத்திருக்கா, பின் வாய் விரிஞ்சிருக்கா, எலி கடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒயர் மேல் தோல் நல்லா இருந்தும் உள்ள செம்பு அத்துப் போயிருக்கும், லேசா இழுத்தா ரப்பர் மாதிரி நீளும். பின்னோட சேத்து புது கப்ளர் ஒயர் கிடைக்கும், அதை சால்டர் பண்ணி ஸ்லீவ் போடுங்க, வெறும் டேப் சுத்தற வேலை வேணாம்.

அது வரைக்கும் டீக்கடையில மாட்டிக்கிட்டா ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிங்க, பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டில அப்ப பெட்ரோல் கட் ஆகி நனைஞ்ச பிளக் காயும். எஞ்சின் பிடிச்சதும் காலை எடுத்துடுங்க.

வாசகர், மதுரை: சூடு ஏறுதுன்னு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி விடாத வால்வு) கழட்டிட்டாரு, இப்ப லைட் எரியுது, பி 0128 காட்டுது. சென்சார் போச்சா சார்?

பதில்: சென்சார் நல்லாத்தான் இருக்கும், உள்ளதை உள்ளபடி சொல்லுது. தெர்மோஸ்டாட் இல்லாம எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வரல, அதைத்தான் அந்தக் கோடு சொல்லுது. இப்படியே ஓட்டினா மைலேஜ் எறங்கும், பெட்ரோல் ஆயில்ல கலக்கும். புது தெர்மோஸ்டாட் போட்டுட்டு, மொதல்ல ஏன் சூடு ஏறுச்சுன்னு ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன் மூணையும் பாக்கச் சொல்லுங்க.