வெள்ளி விடுமுறை, ஞாயிறு வேலை: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் குடியிருப்புத் தாமான்களிலிருந்தும் வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: மாமனார் காலமாகிவிட்டார். அடுத்த வாரம் பதினாறாம் நாள் கருமாதி. கணவரும் அவர் வீட்டாரும் இந்துக்கள். நான் மட்டும் ஞானஸ்நானம் எடுத்தவள். மூத்த மருமகள் என்பதால் படையல் போட, கற்பூரம் காட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். போகாமல் இருந்துவிடட்டுமா?

பதில்: போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், சகோதரி. மூத்த மருமகள் வராததை யாரும் விசுவாசம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மரியாதை தெரியாதவள் என்பார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு நியாயமும் இருக்கும்.

அன்றைய வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கூடாரம், நாற்காலி, அரிசி பருப்புக்குப் பணம், காய் நறுக்குவது, பந்தி பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, மாமியாரை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பது எல்லாம் ஒரு பக்கம். இதில் எதுவும் உங்கள் விசுவாசத்தைத் தொடாது. எல்லாவற்றையும் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே செய்யுங்கள். படையலை எடுத்து வைப்பதும் கற்பூரம் காட்டுவதும் வழிபாடு. அவை மறுபக்கம். அவற்றை நாத்தனாரோ ஓரகத்தியோ செய்யட்டும்.

இதை எப்போது சொல்வது என்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பதினைந்து நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பண்டாரம் தட்டை நீட்டும்போது கையை இழுத்துக்கொண்டால் கூடியிருக்கும் அத்தனை பேர் முன்னாலும் அது அவமானமாகிறது. இன்றைக்கே கணவரிடம் தனியாகப் பேசுங்கள். சடங்கை நடத்தும் பெரியவரிடம் மூன்று நாளைக்கு முன்பே அவர் சொல்லட்டும். ‘இவள் செய்யமாட்டாள்’ என்று நிறுத்தக்கூடாது, ‘இதைத் தங்கச்சி செய்யும், சமையல் முழுக்க இவள் பொறுப்பு’ என்று முடிக்க வேண்டும். சாத்தான், பிசாசு என்ற வார்த்தைகள் அந்த வீட்டில் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

சாப்பாட்டைப் பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறார். முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடலாம். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரை முன்னிட்டுத் தவிர்க்க வேண்டும் (10:27, 28). பந்தியில் இலை போட்டுப் பரிமாறுவது வேறு, படையலிலிருந்து எடுத்துத் தருவது வேறு. இதில் சபைக்குச் சபை கண்டிப்பு மாறும் என்பதால் உங்கள் போதகரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

வேதத்தில் வரும் சீரியப் படைத்தலைவன் நாகமானை மேற்கோள் காட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ரிம்மோன் கோவிலில் தன் எஜமானோடு குனிய வேண்டியிருப்பதற்கு அவன் மன்னிப்புக் கேட்டான், தீர்க்கதரிசி எலிசாவும் சமாதானத்தோடே அனுப்பினான், சரிதான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள் (2 இராஜாக்கள் 5:17). வேறு தெய்வத்துக்குப் பலி செலுத்தமாட்டேன் என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவன் அந்த மன்னிப்பைக் கேட்கிறான்.

கேள்வி: கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கெடாவில் விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு ஆராதனைக்கு மாதத்தில் ஒரு முறை போனால் பெரிது. வேலையை விட்டுவிடு என்கிறார்கள் சிலர்.

பதில்: அப்படிச் சொல்கிறவர்கள் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டப்போவதில்லை.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு தருகிறது. அது எந்த நாள் என்று முடிவு செய்வது முதலாளி. நாள் நிலையாக இல்லாத இடத்தில், மாதம் தொடங்கும் முன்பே ஓய்வுநாள் பட்டியல் போட்டாக வேண்டும். உங்களுக்கு வாய்ப்பு அந்தப் பட்டியல் வருவதற்கு முந்தைய வாரத்தில்தான். சனிக்கிழமை இரவு சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப் அனுப்பிப் பயனில்லை. மலாயில் நாலு வரிக் கடிதம் போதும்: மாதத்தில் எந்த இரண்டு ஞாயிறு வேண்டும், உங்களுக்குப் பதிலாக யார் வருவார், ஈடாக நீங்கள் எந்த நாளில் வருவீர்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு ஷிப்டுகளை நீங்களே கேட்டு வாங்குங்கள். மாற்றிக்கொள்ள ஆள் தானாகக் கிடைக்கும்.

ஆராதனைக்குப் போகப் பொய் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுப்பதைச் சிலர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. ஓய்வுநாள் கட்டளையைக் காப்பாற்றப் பொய்ச்சாட்சிக் கட்டளையை மீறுவது என்ன கணக்கோ!

கெடாவில் வெள்ளிக்கிழமை ஆராதனை வைக்கும் சபைகளும் உண்டு. எந்த நாளை விசேஷமாக எண்ணுவது என்பதை அவரவர் மனதுக்கு விடும் ரோமர் 14:5ஐ வைத்துப் பார்த்தால் அதில் தாழ்வு ஒன்றுமில்லை. இன்னொன்று: தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை, ஆனால் கெடாவில் அது எப்போதும் வார விடுமுறையில்தான் விழும். உங்களுக்குத் தலைவலி உயிர்த்தெழுந்த ஞாயிறுதான். சட்டப்படி வருடாந்திர விடுப்பு குறைந்தது 8 நாள் (இரண்டு ஆண்டு சேவைக்குள்), பிறகு 12, ஐந்து ஆண்டைத் தாண்டினால் 16. அதில் ஒன்றை ஈஸ்டருக்கென்று ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: செம்பனைக் குலை வாங்கும் இடத்தில் எடை எழுதுகிறேன். சிறு தோட்டக்காரர்களின் லாரிக்கு 30, 40 கிலோ குறைத்து எழுதச் சொல்கிறார் முதலாளி.

பதில்: முதலாளி பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் பார்ப்போம். வாங்கிய குலை ஆலைக்குப் போவதற்குள் ஈரம் வற்றி எடை குறையும், உதிரிப் பழம் சிந்தும், காய்க்குலையும் நீளக் காம்பும் இருந்தால் ஆலை தன் பங்குக்குக் கழிக்கும். எனவே கழிவு போடுவது திருட்டு இல்லை. எடைக்குள் ஒளித்துக் கழிப்பதுதான் திருட்டு. உபாகமம் 25:13 முதல் 15 வரை சொல்லும் இரண்டு வகை நிறைகல் இதுதான்.

ஆகவே முதலாளியிடம் போய் வசனம் சொல்லாதீர்கள், சீட்டை மாற்றக் கேளுங்கள். நிறை லாரி எடை, காலி லாரி எடை, நிகர எடை, கழிவு விழுக்காடு, கழிவுக்குக் காரணம் என்று ஐந்தும் தனித்தனி வரியில் இருக்கட்டும். தோட்டக்காரரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். கழிவு அதிகம் என்று தோன்றினால் அவர் வேறு இடத்துக்குப் போகலாம். மறைத்தால் அவருக்கு அந்த வழியும் இல்லை. லாரி ஏறும் முன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, காலி எடை பார்க்கும்போது மேலே ஆள் யாரும் நிற்கவில்லையா என்பதையும் கவனியுங்கள்.

இதுவரை எழுதியதற்கு லேவியராகமம் 6ஆம் அதிகாரம் கணக்குச் சொல்கிறது: முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். கிலோ 80 காசு என்று வைத்தால் 40 கிலோவுக்கு 32 ரிங்கிட், ஐந்தில் ஒன்று 6.40, ஆக 38.40. மொத்தமாக உங்கள் கையிலிருந்து கட்ட முடியாது, லாபம் போனதும் உங்களிடம் இல்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை இப்போதே எழுதி வையுங்கள். முதலாளி பிடிவாதமாக இருந்தால் வேறு வேலை கிடைத்த பிறகு விலகுங்கள். அதுவரை உங்கள் கையால் பொய் எடை எழுதாதீர்கள். அவரே எழுதிக்கொள்ளட்டும்.

கேள்வி: சபைச் சகோதரர் கார் வாங்க ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் அன்பில்லாதவன் ஆகிவிடுவேனா?

பதில்: ஆகமாட்டீர்கள். நீதிமொழிகள் 6:1 முதல் 5 வரையும் 22:26, 27ம் இதே கையெழுத்தைப் பற்றித்தான் பேசுகின்றன.

மாதத் தவணை 620 ரிங்கிட், ஒன்பது ஆண்டு என்றால் 108 தவணை, மொத்தம் 66,960. ஆறு மாதம் அவர் கட்டாவிட்டால் 3,720 ரிங்கிட்டை மனைவியோடு சண்டையில்லாமல் உங்களால் கட்ட முடியுமா? முடியாது என்றால் கையெழுத்து வேண்டாம். 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு லாபமில்லாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. அதற்காகக் கடன் உங்களை விட்டுவிடும் என்று எண்ணாதீர்கள், வழக்குப் போடலாம்.

‘ஜெபித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருப்பது நம் சபைகளில் நன்றாக வேரூன்றிய வழக்கம். இந்த வாரமே நேரில் சொல்லிவிடுங்கள். மனமிருந்தால், திரும்பக் கேட்காத பணமாக முன்பணத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். அவர் ஏற்கெனவே கடனில் மாட்டியிருந்தால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.யில் ஆலோசனை இலவசம், கூடவே போங்கள். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர்கூடப் பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. மாதத்துக்குப் பத்து என்று பேசும் ஆளிடம் அவர் போவதாகத் தெரிந்தால், அன்றே போதகருக்குத் தெரியப்படுத்துங்கள்.