பதில்: நானுஓயா ஓடையில் அண்டார்டிக்கா டயட்டமா?

தம்பி, இலங்கையின் நானுஓயா ஓடைக் கல்லில் சுரண்டி எடுத்த லுட்டிகோலா (கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச்செல் பாசிகளான டயட்டங்களில் ஒரு பேரினம்), அதே பேரினத்தைச் சேர்ந்த அண்டார்டிக்காவின் மியூட்டிகாப்சிஸ் இனத்தின் படத்தோடு ஒத்துப்போகிறது, அதே பெயரைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். துருவத்து டயட்டங்களுக்கே பல காலம் ஐரோப்பியப் பெயர்களை ஒட்டிவிட்டு, பிறகு உற்றுப் பார்த்துத்தான் தனி இனங்களாகப் பிரித்தார்கள்.

உங்கள் படத்தில் ஓட்டுக்குள் பழுப்புநிறப் பசுங்கணிகம் அப்படியே கிடக்கிறது, ஓட்டின் மேலுள்ள நுண்ணிய வரிகள் தெரியவில்லை. முதலில் ஹைட்ரஜன் பெராக்சைட்டில் சுத்தம் செய்யுங்கள், கையுறை முக்கியம். அப்புறம் 10 மைக்ரோமீட்டருக்கு எத்தனை வரிகள், நடுவில் ஒருபக்கம் மட்டும் இருக்கும் தனிப்புள்ளி எங்கே, நடுக்கோட்டின் நுனிகள் எந்தப் பக்கம் வளைகின்றன என்று பாருங்கள். பெரிதும் சிறிதுமாக ஒரு 30 ஓடாவது அளக்க வேண்டும். செல் பிரியப் பிரிய ஓடு சிறுக்கும், வடிவமும் மாறும். மாதிரியில் பாதியைக் கழுவாமல் வையுங்கள், டிஎன்ஏவுக்கு அதுதான் உதவும்.