டோவர் காடும் என் சன்னலும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் டோவர் காட்டை வீடு கட்ட அழிக்காமல் விட்டுவைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய கட்டுரையை என் மனைவிதான் எனக்கு அனுப்பினார். நாங்கள் இருவரும் செங்காங்கில் என் பெற்றோர் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறோம். அரசு புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீட்டுக்கு நான்கு முறை விண்ணப்பித்துவிட்டோம். ஒருமுறை வரிசை எண் கிடைத்தது. எங்கள் முறை வருவதற்குள் வீடுகள் தீர்ந்துவிட்டன. மறுவிற்பனை வீட்டின் விலை கைக்கு எட்டாது. நீங்கள் வசிக்கும் கிம் மோ பேட்டையும் எதையோ அழித்துத்தானே எழும்பியது? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டவர், இனி எங்கும் நிறுத்த வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்வதுபோல் இருக்கிறது. அதுவும் எதற்காக? ஆதிகாலக் காடு என்றாலும் பரவாயில்லை. கைவிட்ட ரப்பர் தோட்டத்தில் முளைத்த புதர்.

ம.

அன்புள்ள ம.,

பஸ் உவமை சுருக்கென்று தைத்தது. பொய்யாக இருந்தால் தைத்திருக்காது. என் சன்னலைத் திறந்தால் அந்தப் பச்சைதான் தெரிகிறது. காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடிக்கிறேன். காடு போய்விடும் என்ற பேச்சு கிளம்பியபோது எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடினோம். பறவைகளைப் பற்றி அரைமணி நேரம் உருகிப் பேசிய ஒருவர், நாற்காலியை மடக்கும்போது, புதிய புளோக் வந்தால் நம் வீட்டு விலை இறங்குமா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அந்தக் கேள்வி உள்ளே இருந்தது. எனக்கும்.

ஆகவே என் யோக்கியதையை விட்டுவிடுவோம். வாதத்தை மட்டும் பாருங்கள்.

வீடு கட்டவே கூடாது என்று நான் எழுதவில்லை. எந்த நிலத்தை முதலில் எடுப்பது என்று கேட்டேன். கெப்பல் கிளப் கோல்ஃப் திடல் இருந்த இடத்தில் சுமார் 9,000 வீடுகள் வருகின்றன. அவற்றில் 6,000 அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள். புக்கிட் தீமாவின் பழைய குதிரைப் பந்தயத் திடலில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரை கட்டலாம் என்று 2024-இல் அறிவித்தார்கள். கிராஞ்சியில் அதே ஆண்டு அக்டோபரில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது; அந்த நிலமும் அரசிடம் திரும்புகிறது. பயா லேபார் விமானத் தளம் 2030-களில் இடம் மாறத் தொடங்கிய பிறகு, அங்கும் சுற்றிலும் ஏறத்தாழ 150,000 வீடுகள் எழும்ப இடம் இருக்கிறதாம். இவற்றை எல்லாம் நான் வரவேற்கிறேன். புல்லை வெட்டிச் சமன்படுத்தி வைத்த நிலத்தைத் தேவைப்பட்டால் நாளைக்கே திரும்ப உண்டாக்கிவிடலாம். காட்டை அப்படி உண்டாக்க முடியாது. கடைசியில் தொட வேண்டியதை நடுவிலேயே தொடுகிறோம் என்பதுதான் என் முறையீடு. தெங்காவில் அப்படித்தான் நடந்தது. 700 ஹெக்டேர் பச்சையில் 42,000 வீடுகளுக்குத் திட்டமிட்டு, அதற்கு 'வன நகரம்' என்று பெயரும் சூட்டினார்கள். நூறு மீட்டர் அகலத்தில் ஒரு வனப்பாதையை மிச்சம் வைத்தது உண்மைதான்.

இனி உங்கள் 'புதர்'. இந்தச் சொல்லுக்குத்தான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

என் தாத்தா ஜொகூரில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். இங்குள்ள இப்படிப்பட்ட காடுகளில் நான் முதலில் தேடுவது பால் மரத்தைத்தான். பட்டையில் சாய்வாக இறங்கும் கோடுகள் இன்னும் சில மரங்களில் இருக்கின்றன. தழும்பு தடித்து, உதடுபோல் மூடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் காய் படாரென்று வெடிக்கும். புள்ளி போட்ட பழுப்பு விதை காலடியில் வந்து விழும். அதைச் சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைத்து விளையாடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? இந்த மரத்தை நட்டு, வெட்டிப் பிழைத்தவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். அவர்கள் விட்டுப்போன நிரைகளுக்கு நடுவே ஐம்பது ஆண்டுகளாக யாரும் தண்ணீர் ஊற்றாமல் ஒரு காடு எழுந்து நிற்கிறது. கம்பத்துக்காரர், அதாவது பழைய கிராமத்து மக்கள், நட்ட டுரியானும் அதற்குள் காய்க்கிறது.

அங்கே வைக்கோல் நிறத் தலை கொண்ட ஒரு சின்னான் பாடும். குரலுக்காகவே கூண்டில் அடைக்கப்பட்டு, இந்தோனேசியாவில் பெரும்பாலான இடங்களில் அற்றுப்போன பறவை. சிங்கப்பூரில் சில நூறு எஞ்சியிருக்கின்றன. உலகத்தில் மிச்சமிருப்பவற்றில் அதுவே கணிசமான பங்கு. அது ஆதிகாலக் காட்டைக் கேட்பதில்லை. உங்கள் புதரே அதற்குப் போதும். 2030-க்குள் பத்து லட்சம் மரம் நடுகிறோம் என்கிறார்கள், நல்லது, நடட்டும். சாலையோரத்து மரத்தடியில் விழும் இலையை மறுநாள் காலையிலேயே கூட்டி அள்ளிவிடுகிறோம். காட்டில் அந்த இலை மட்கியே மண்ணாகிறது.

டோவர் விஷயத்தில் என்னை அதிகம் கோபப்படுத்தியது வெட்டுவது அல்ல. 33 ஹெக்டேரும் குடியிருப்புக்கு என்று 2003-லேயே அரசின் நிலப் பெருந்திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே இருந்துகொண்டு அந்த வரைபடத்தை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. பதினேழு ஆண்டுத் தூக்கம். விழித்துக்கொண்டு கத்திய பிறகு, 2021 ஜூலையில் பாதி தீர்ப்பு வந்தது: கிழக்குப் பாதியில் வீடுகள், மேற்குப் பாதியில் சுமார் ஐந்து ஹெக்டேர் இயற்கைப் பூங்கா, மற்றது இப்போதைக்கு அப்படியே. பத்தாண்டு கழித்து மறுபரிசீலனை.

உங்கள் நான்கு விண்ணப்பங்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஓர் அறையில் இருந்துகொண்டு என் கட்டுரையைப் படித்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும். ஐந்தாவது முறை கிழக்குப் பாதியிலேயே உங்களுக்கு வீடு கிடைக்கலாம். கிடைத்தால் மனதார வாழ்த்துவேன். மறுபரிசீலனை வரும்போது மேற்குப் பாதி உங்கள் சன்னலில் தெரியும். அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.