இறகுத் தொப்பியும் கோவேறு கழுதையும்: இது எந்தப் படை?

கேள்வி: பழம்பொருள் சந்தையில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் வாங்கினேன். இறகு செருகிய தொப்பியுடன் இத்தாலிய வீரர்கள், பொதி சுமந்த கோவேறு கழுதைகள். பின்புறம் 'கொனெல்யானோ குழு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்தப் படை, எந்தக் காலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்களிடம் நல்ல துப்பு இருக்கிறது. இத்தாலிய மலைப் பீரங்கிப் படையின் வரலாற்றைத் தேடும்போது ரெஜிமென்ட் எண்ணைவிட, அதற்குள் அடங்கிய பீரங்கிப் பிரிவான குழுவின் பெயரைப் பின்தொடர்வதே நல்லது. 1975 இத்தாலிய ராணுவச் சீர்திருத்தத்தில் ரெஜிமென்டுகளைக் கலைத்தபோதும் கொனெல்யானோ குழு அதே பெயரில் நீடித்தது. வெனெட்டோ பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. இத்தகைய குழுக்களில் பெரும்பாலும் அந்தந்த வட்டார இளைஞர்களே சேர்க்கப்பட்டார்கள்.

முதலில் தொப்பியை உருப்பெருக்கியில் பாருங்கள். இறகை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆல்பினி எனப்படும் மலைக் காலாட்படையினரும் அதே தொப்பியைத்தான் அணிந்தார்கள். சின்னத்தில் கழுகுக்குக் கீழே குறுக்காக இருப்பவை துப்பாக்கிகளா, பீரங்கிக் குழல்களா என்று கவனியுங்கள். குழல்களும் நடுவட்டத்தில் 3 என்ற எண்ணும் தெரிந்தால், அது கொனெல்யானோ குழு அடங்கியிருந்த, ஜூலியா என்ற மலைப்படை டிவிஷனின் 3ஆவது ஆல்பைன் பீரங்கி ரெஜிமென்ட்.

அடுத்து பொதி. இரண்டாம் உலகப்போரில் இவர்களின் முக்கிய ஆயுதம் 75 மி.மீ. ஸ்கோடா ஹோவிட்சர் என்ற குட்டைக்குழல் பீரங்கி. சுமார் 600 கிலோ எடையுள்ள அதைக் கழற்றி, குழல், சக்கரம், கவசத்தகடு என்று தனித்தனியாகக் கழுதைகள்மேல் ஏற்றினார்கள். படத்தில் இருப்பது 105 மி.மீ. ஓட்டோ மெலாரா பீரங்கி என்றால், காலம் 1950களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின்.

ஸ்கோடாவாக இருந்து, பின்னணியில் செங்குத்தான மலை தெரிந்தால், 1940 அக்டோபர் 28 அன்று இத்தாலி கிரேக்கத்தின்மீது தொடங்கிய படையெடுப்பாக இருக்கலாம். ஜூலியா அப்போது பிண்டஸ் மலைத்தொடருக்குள் நுழைந்து பேரிழப்புக்கு ஆளானது. பனி மூடிய சமவெளி என்றால் ரஷ்யாவை நினையுங்கள். காகசஸ் மலைக்கென்று அனுப்பிய வீரர்களை 1942இல் டான் நதிக்கரைக்குத் திருப்பிவிட்டார்கள். மலைப்போருக்குப் பழகியவர்களைச் சமவெளியில் டாங்கிகளுக்கு எதிரே நிறுத்தியது மன்னிக்க முடியாத முடிவு. 1943 ஜனவரியில் அவர்கள் கடுங்குளிரில் நடந்தே பின்வாங்கினார்கள். பலர் ஊர் திரும்பவில்லை.

படத்தின் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து, தேசிய ஆல்பினி சங்கத்தின் கொனெல்யானோ கிளைக்கு எழுதுங்கள். முன்னாள் மலைப் பீரங்கி வீரர்களும் அதில் உறுப்பினர்கள். யாருடைய பெயராவது தெரியவந்தால், பிறந்த ஆண்டையும் ஊரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விவரங்கள் இருந்தால்தான் மாவட்ட அரசு ஆவணக் காப்பகத்தில் அவருடைய படைப்பணிப் பதிவேட்டைத் தேட முடியும்.