கேள்வி – பதில்: அந்த நாய்க்கு என்ன நடந்தது?

கேள்வி: கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கிறேன். இந்த முறை செயற்றிட்டமாக ஆறு பிள்ளைகள் சேர்ந்து இரணைமடுக் குளம் பற்றி 22 நிமிட விவரணப்படம் எடுத்திருக்கிறார்கள். தரம் 4, 5 பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்றே எடுத்த படம். மூன்று பேர் புள்ளி போட்டோம். பிரதி அதிபர் 90, கலியாண வீடியோ எடிட் செய்து பழகிய இன்னொரு ஆசிரியர் 85, நான் 68. ட்ரோன் காட்சிகள் உண்மையிலேயே அழகு. ஆனால் தரம் 5 பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது நாலு நிமிடத்துக்குப் பிறகு நெளியத் தொடங்கிவிட்டார்கள். முடிந்ததும் கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரேயொரு பிள்ளை எழும்பி, "அந்த நாய்க்கு என்ன நடந்தது ரீச்சர்?" என்றது. குளக்கட்டில் ஒரு நாய் நொண்டிக்கொண்டு போவது மூன்று விநாடி வரும், அவ்வளவுதான். எப்படிப் புள்ளி போடுவது? ஆறு பேருக்கும் ஒரே புள்ளியா? பென்டிரைவில் படத்தை அனுப்பியிருக்கிறேன்.
– ஓர் ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: படத்தை இரண்டு தரம் பார்த்தேன் ரீச்சர். நாய் பதினோராவது நிமிடத்தில் வருகிறது. 22 நிமிடத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் கண் உயரத்தில், தன்பாட்டில் எங்கேயோ போய்க்கொண்டிருந்த உயிர் அது ஒன்றுதான். மற்றதில் பெரும்பகுதி மேலேயிருந்து பார்த்த தண்ணீர், கதிரையில் இருந்து பேசும் பெரியவர்கள், திரையில் ஓடும் இலக்கங்கள். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி நீங்கள் மூன்று பேரும் போட்ட புள்ளியை விடப் பெறுமதியானது, அதை உங்கள் ஆறு பேரிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

படம் எப்படித் தொடங்குகிறது பாருங்கள். "1902ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நிர்மாணப் பணிகள் ஆரம்பிக்கப்பட்டு..." என்று வானொலிச் செய்தி வாசிக்கிற குரலில் ஒரு தம்பி தொடங்குகிறார். 1902 சரிதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு 1902உம் 1802உம் ஒன்றுதான், அம்மா பிறக்க முதல் எல்லாமே ஒரே காலம். அதே பிள்ளையிடம், "ஏன் இதுக்கு இரணைமடு என்று பேர்?" என்று கேட்டுப் பாருங்கள், நிமிர்ந்து இருக்கும். இரணை என்றால் இரட்டை. இரணைதீவு இரண்டு தீவு, இரணைமடு இரண்டு மடு. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து காட்டுக்குள்ளால் வந்து அந்த மடுக்களை நிரப்பிக்கொண்டு சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறது, அதை மறித்துத்தான் கட்டுப் போட்டார்கள். இந்தக் கதை படத்தில் பதினாறாவது நிமிடத்தில், அதுவும் ஒரே வசனத்தில் வருகிறது. அந்த நேரம் உங்கள் தரம் 5 பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் பென்சில் பெட்டியை ஆராய்ந்துகொண்டிருந்திருப்பார்கள்.

ஏக்கர் அடியும் அப்படித்தான். குளத்தின் கொள்ளளவை ஏக்கர் அடியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒரு ஏக்கர் அடி, கணக்குப் பார்த்தால் 12 இலட்சத்து 33 ஆயிரம் லீற்றர். 5000 லீற்றர் பவுசர் வண்டி என்றால் கிட்டத்தட்ட 250 பவுசர் தண்ணீர். கோடையில் பவுசருக்குக் கானோடு காத்து நின்ற வீட்டுப் பிள்ளைக்கு இது உடனே விளங்கும். ஒரு இலக்கத்தைப் பார்க்கிற பிள்ளையின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்களா என்று தேடுங்கள், வைத்த இடத்தில் தாராளமாகப் புள்ளி போடுங்கள். இந்தப் படத்தில் அப்படி ஒரு இடம்தான் இருக்கிறது. அந்த வயதான கமக்காரர், "இப்ப குளம் எத்தனை அடி எண்டு கேக்காத வீடு இஞ்ச இல்லை" என்கிறாரே, அது. அதையும் பின்னணி இசை பாதி விழுங்கிவிட்டது.

ட்ரோன் விஷயத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முதல் ஒரு மாணவர் போட்டிக்கு நடுவராகப் போய், சிறுவர் பிரிவில் முதல் பரிசை ட்ரோன் படம் ஒன்றுக்குக் கொடுத்தேன். கைத்தொலைபேசியில் ஒரு தச்சரின் கையை மட்டும் எடுத்த படம் மூன்றாவதாகப் போனது. இன்றைக்கு அந்த ட்ரோன் படத்தில் எனக்கு ஒரு காட்சி கூட நினைவில்லை, சீவுளியிலிருந்து சுருண்டு விழுந்த மரச்சீவல் மட்டும் நினைவில் நிற்கிறது. போகட்டும். இன்னொன்றையும் கேளுங்கள், ட்ரோனுக்கு அனுமதி எடுத்தார்களா? இலங்கையில் அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன, இரணைமடுவுக்குப் பக்கத்தில் விமானப்படையின் ஓடுபாதையும் இருக்கிறது. பிள்ளைகள் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மாடு பூட்டி உழுகிற காட்சியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் "ஹோ, ஹோ" என்று உழுகிறார், அவருக்குப் பின்னால் வேலியோரம் சிவப்பு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று வடிவாக நிற்கிறது. படம் எடுப்பதற்காக மாடு பூட்டச் சொல்லியிருக்கிறார்கள். இது புதுப் பழக்கம் இல்லை. 1922இல் வந்த 'நானூக் ஒஃப் த நோர்த்' விவரணப்படத்திலேயே, துப்பாக்கி வைத்திருந்த கனடாவின் வட பனிப்பகுதி இனுயிட் மக்களை அந்தக் கால ஈட்டியால் வேட்டையாடச் சொல்லித்தான் எடுத்தார்கள். செய்து காட்டச் சொன்னது பிழை என்று சொல்லமாட்டேன். "அப்பு முந்தி இப்படித்தான் உழுதவர், எங்களுக்காக ஒருக்கால் செய்து காட்டுறார்" என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். பெரியவர்கள் ஊகித்துக்கொள்வார்கள், பத்து வயதுப் பிள்ளை திரையில் கண்டதை நம்பிவிடும். அதனால் சின்னவர்களுக்கு எடுக்கிற படத்தில் இந்த நேர்மைக்கு மற்றப் படங்களை விடக் கண்டிப்பாகப் புள்ளி பார்ப்பேன்.

2018 டிசெம்பர் வெள்ளம் வருகிற இடத்தைத் திரும்ப வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். வான்கதவு திறந்தது, தண்ணீர் வந்தது என்பதைக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். ஆனால் அலறுகிற இசையோடு, தண்ணீருக்குள் நிற்கும் ஒரு அம்மாவின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறார்களே, அவரிடம் கேட்டார்களா? பார்க்கிற வகுப்பில் அந்த வெள்ளத்தில் கோழியையும் கொப்பியையும் இழந்த வீட்டுப் பிள்ளை இருக்கும். பயம் காட்டிவிட்டு அடுத்த காட்சியில் கொக்குப் பறப்பதைக் காட்டினால் பயம் போய்விடாது. தண்ணீர் எப்படி வடிந்தது, பிறகு அந்த வீட்டில் என்ன செய்தார்கள் என்று ஒரு நிமிடமாவது வேண்டும்.

சரி, புள்ளிக்கு வருவோம். நான் என்றால் நூறில் நாற்பதைப் பார்வையாளர்களுக்கு ஒதுக்கிவிடுவேன். அதாவது தரம் 5 பிள்ளைகள் இருபது பேரை, பெரிய மண்டபத்தில் இல்லாமல் அவர்களுடைய வகுப்பிலேயே இருத்தி, இடைவேளைக்குப் பிறகு படத்தைப் போடுங்கள் (மதியத் தகர வெக்கையில் போட்டால் எந்தப் படமும் தோற்றுவிடும்). உங்கள் மாணவர்கள் திரைக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். எந்த நிமிடத்தில் தலை திரும்புகிறது, எங்கே சிரிப்பு, எங்கே ஒருவரையொருவர் இடிக்கிறார்கள் என்று நேரத்தோடு குறிக்க வேண்டும். முடிந்ததும் "நல்லா இருந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வகுப்புகளில் அதற்கு "ஓம் ரீச்ச...ர்" என்ற ஒரே பதில்தான் வரும். அடுத்த நாள் ஒரு தாளைக் கொடுத்து, நினைவில் நிற்கிறதைக் கீறச் சொல்லுங்கள். அன்றைக்கு வராத பிள்ளைக்குக் கதையைச் சொல்லச் சொல்லிவிட்டு நீங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசு கீறியிருக்கிறார்களா, நாய் கீறியிருக்கிறார்களா? இந்தக் குறிப்புகளை வைத்து உங்கள் மாணவர்கள் படத்தைத் திருத்தி இரண்டாவது தரம் காட்டும்போதுதான் அந்த நாற்பதைப் போட வேண்டும். முதல் தரம் நெளிந்ததற்காக ஒரு புள்ளியும் குறைக்காதீர்கள், நெளிந்த இடம் தெரிந்தும் வெட்டாமல் விட்டால் குறையுங்கள். 22 நிமிடம் எப்படியும் அதிகம், பன்னிரண்டுக்குள் கொண்டுவரலாம்.

சொன்னது உண்மையா, யாரிடம் கேட்டுச் சொன்னார்கள் என்பதற்கு முப்பது. படத்துக்கும் சத்தத்துக்கும் இருபது, அதில் சத்தத்துக்குக் கூடுதலாக. குளக்கட்டுக் காற்றில் கமரா மைக் இரைச்சலைத்தான் பிடிக்கும். இன்னொரு போனை ஒலிப்பதிவு போட்டு அப்புவின் சேட்டுப் பைக்குள் வைத்திருந்தால் அவர் குரல் தெளிவாக வந்திருக்கும், ஒரு சதமும் செலவில்லை. மிச்சப் பத்து தனித்தனியாக. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "நீ எடுத்து, படத்தில் போடாமல் விட்ட காட்சி எது, ஏன் விட்டனீ?" வேலை செய்த பிள்ளை கோபத்தோடு பதில் சொல்லும். பெயருக்கு மட்டும் நின்ற பிள்ளை மேலே பார்க்கும்.

அப்புறம், அந்த நாய்க்கு என்ன நடந்தது என்று ஒருக்கால் விசாரித்துச் சொல்லுங்கள். எனக்கும் தெரிய வேண்டும்.

கேள்வி: ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பற்றி எங்கள் மாணவர்கள் சிறுவர்களுக்கு ஒரு படம் செய்திருக்கிறார்கள். கற்சிலைமடு நினைவுக்கல்லைக் காட்டி, "இங்கேதான் மாவீரன் வீழ்ந்து உயிர் துறந்தான்" என்று முடிகிறது. பார்த்த பிள்ளைகள் அழுதார்கள். வெளியிலிருந்து வந்த நடுவர் ஒருவர் இது பிழை என்று 15 புள்ளி வெட்டிவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கான படத்தில் இந்தளவு கடுமை தேவையா?
– ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: சேர், நடுவர் பக்கம்தான் நான். அந்தக் கல் சொல்வது மிகச் சின்ன விஷயம். இந்த இடத்துக்கு அண்மையில் (ஆங்கிலேயப் படையின்) கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான், 1803 ஒக்டோபர் 31. அவ்வளவுதான். தோற்றான் என்று இருக்கிறதே தவிர இறந்தான் என்று இல்லை. கமரா கல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே குரல் கல்லில் இல்லாததைச் சொல்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று நாளைக்கு அங்கே சுற்றுலா போய் எழுத்துக்கூட்டி வாசித்தால் உங்கள் மாணவர்கள் சொன்ன மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படும்.

எனக்கு உண்மையில் மனவருத்தம் எதில் என்றால், இதை விட நல்ல கதை ஒன்று அந்தக் கல்லிலேயே இருந்தும் விட்டுவிட்டார்கள். அதே வருடம் ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் பண்டாரவன்னியன். அதற்குக் கல் யார் நட்டார்கள்? தோற்ற இடத்துக்கு மட்டும் ஏன் கல்? அதில் ஏன் வென்றவனின் பெயர் முன்னுக்கு இருக்கிறது? பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் நன்றாக விளங்கும், விளையாட்டில் தோற்ற அணிக்குக் கேடயம் இல்லை என்று அதற்குத் தெரியும். அழவைத்ததற்குப் புள்ளி கொடுக்கத் தொடங்கினால் பிறகு எல்லாப் படத்திலும் வயலின்தான் கேட்கும். ஆனால் 15 புள்ளியை வெட்டிவிட்டுக் காரணத்தை எழுதாமல் போயிருந்தால் அதுவும் சரியில்லை, எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவு வரியை மாற்றிப் பதிய அரை மணித்தியாலம் போதும்.

கேள்வி: நாங்கள் பாலைப்பழம் பற்றி ஆறு நிமிடப் படம் எடுத்தோம். தங்கச்சிமார் மூன்று தரம் போடச்சொல்லிப் பார்த்தார்கள். எங்களுக்கு 48 புள்ளி, "உள்ளடக்கம் போதாது" என்று எழுதியிருக்கிறது. எளிமையாக எடுத்தது குற்றமா?
– தரம் 12 மாணவி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: இல்லை மகள். ஆறு நிமிடப் படத்தை மூன்று தரம் கேட்டுப் பார்த்தார்கள் என்றால் உங்கள் ரீச்சரிடம் அதையே சொல்லி, தரம் 3 பிள்ளைகளுக்கு ஒருக்கால் போட்டுக் காட்டிவிட்டுத் திரும்பப் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். தின்றுவிட்டு உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ள ஒரு தம்பி பேச முயற்சிக்கிற காட்சிக்கே நான் பத்துப் புள்ளி போட்டிருப்பேன்.

ஆனால் ஒரு இடத்தில் உங்களுக்கும் குறைப்பேன். பிள்ளைகள் நாலு பேர் பெரியவர் ஒருவரும் இல்லாமல் காட்டுக்குள் ஓடுகிறார்கள், பழத்தோடு திரும்பி வருகிறார்கள். பார்க்கிற தங்கச்சிமார் அதை அப்படியே செய்வார்கள். பாலைப்பழக் காலத்தில் மரத்தடிக்குக் கரடியும் வரும் என்று உங்கள் வீட்டில் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். கண்ணிவெடி இருக்கிறது என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கம் காலே வைக்கக்கூடாது என்றும் சொல்லியிருப்பார்கள். படத்தில் இரண்டும் இல்லை. ஒரு மாமாவோ அப்புவோ கூடப் போகிற மாதிரி, பலகை தெரிகிற இடத்தில் அவர் பிள்ளைகளை நிறுத்தித் திருப்புகிற மாதிரி ஒரு காட்சி எடுத்துச் சேருங்கள். அரை நிமிடம் கூடும், பரவாயில்லை. திருத்திய பிரதியை எனக்கும் அனுப்புங்கள். பழம் அனுப்ப வேண்டாம், போன முறை ஒரு வாசகர் அனுப்பியது பார்சலோடு சேர்ந்து பசையாகித்தான் வந்தது.